நித்திரைக்கு எந்தப் போத்தல் நல்லது?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ் வீட்டின் சாப்பாட்டு மேசை ஓரத்தைக் கவனித்தால், பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை என்ற வழமையான வரிசையில் இப்போது வெளிநாட்டுப் போத்தல் ஒன்றும் சேர்ந்திருப்பதைக் காணலாம். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் சூட்கேசில் கொண்டுவந்ததாக இருக்கும், அல்லது லண்டனிலிருந்து யாரோ கொடுத்தனுப்பியதாக, இல்லையென்றால் காலி வீதியிலேயே நல்ல விலை கொடுத்து வாங்கியதாக இருக்கும். மெலட்டோனின், மக்னீசியம் கிளைசினேட், அஸ்வகந்தா, வலேரியன் என்று பெயர்தான் வேறு. எல்லாம் தருவதாகச் சொல்வது நல்ல நித்திரையைத்தான். இரவு முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு விடிய வேலைக்கு ஓடுகிறவர்களின் அவதி உண்மையானது. அதனால் "இவற்றில் எது நல்லது?" என்று அவர்கள் கேட்பதும் நியாயமானது. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த மனிதருக்கு நித்திரை ஏன் வரவில்லை என்பதே முதலாவது. அதற்கு விடை தெரியாமல் வாங்கும் போத்தல், எவ்வளவு பெயர்பெற்ற கம்பனியுடையதாக இருந்தாலும், பெரும்பாலும் வீண்செலவு; சிலருக்கு ஆபத்தும்கூட. விடை தெரிந்த பிறகு வாங்கினால் சிலருக்கு அது உண்மையிலேயே உதவும்.

மருந்தை இப்படி ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் முறை நமக்குப் புதிதல்ல. உலகுக்கே இலங்கை முன்னின்று காட்டிய வழி அது. நாட்டின் முதலாவது மருந்தியல் பேராசிரியரான சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில், பல விலைகளில், தேவைக்கு மிஞ்சி நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, பிபிலே அதன் தலைவரானார். தனியார் துறை இறக்குமதி செய்துவந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளின் பட்டியல் 600 அளவுக்குக் குறைந்தது. பட்டியலில் இடம்பெற ஒரு மருந்து சில கேள்விகளைத் தாண்ட வேண்டியிருந்தது: இது தேவையா, இது வேலை செய்கிறதா, இதனால் தீங்கு வராதா, இந்த விலை நியாயமா? பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். அவர் கனவு கண்ட சட்டத்தின் வழியில், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. மருந்துக்கும் உணவுக்கும் நடுவே நிற்கும் பொருள்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆனால் சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வந்திறங்கும் போத்தலை எந்த அதிகாரசபையும் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. அதற்கு வீட்டிலுள்ளவர்கள்தான் பிபிலேயாக இருந்தாக வேண்டும்.

தேவையா என்ற முதற்கேள்வியிலேயே பாதிப் போத்தல்கள் விழுந்துவிடும். நித்திரையின்மை ஒரே நோயல்ல. பல காரணங்கள் வந்து முடியும் இடம் அது. பெருங்குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, திணறி எழும்புகிறவருக்கு இருப்பது நித்திரை மூச்சுத்தடை. அவர் பகலில் தூங்கி விழுவார், காலையில் தலையிடிக்கும், பிரஷர் மருந்துக்கு அடங்காது. மக்னீசியம் எத்தனை போத்தல் முடித்தாலும் அவருடைய தொண்டைவழி திறக்கப்போவதில்லை. மயக்கம் தரும் மருந்துகள் சில அதை இன்னும் மோசமாக்கும். சீனி கட்டுப்படாததால் இரவில் நான்கு முறை சலம் கழிக்க எழும்புகிறவருக்குத் தேவை சீனிக்கான வைத்தியம். நீரிறக்கும் குளிசையைப் பின்னேரம் போடுகிறவர், வைத்தியரைக் கேட்டு அதைக் காலைக்கு மாற்றினாலே இரவு அமைதியாகக் கழியலாம். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோபிலின், வேறு நோய்களுக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் ஆகியவையும் நித்திரையைக் கெடுக்கக்கூடியவை. ஆக, புதிதாக ஒரு குளிசையைச் சேர்க்குமுன் ஏற்கனவே போடுகிற குளிசைகளைப் பார்க்க வேண்டும்.

தேத்தண்ணியையும் பார்க்க வேண்டும். கஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் எடுக்கும். வயதானவர்களிலும் சில மருந்துகள் எடுப்பவர்களிலும் அதைவிட நீளும். படுக்கைக்கு ஆறு மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நித்திரை குறைந்ததாக 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அது நான்கு கோப்பைக் கோப்பிக்குச் சமமான அளவு. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் நாற்பது, ஐம்பது மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் பின்னேரம் ஒன்று, வேலை முடிந்து வந்து ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கடும்சாயத்தில் ஒரு பிளேன்டீ என்று போனால் கணக்கு ஏறிவிடும். இதையெல்லாம் மாற்றாமல் கனடாப் போத்தலைத் திறப்பது, குடித்த சாயத்தின் வேலையை ஒரு குளிசையால் அழிக்கப் பார்ப்பதுதான். காரணம் மனதிலும் இருக்கலாம். 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் வெள்ளவத்தையில் இன்னும் இருக்கிறார்கள். வன்னிப் போரின் கடைசி மாதங்களைத் தாண்டி வந்து கொழும்பில் வாடகை அறைகளில் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். கெட்ட கனவில் அலறி எழும்புகிறவருக்கும், விடிய மூன்று மணிக்கே விழித்து வாழ்க்கையே வெறுத்துப் படுத்திருப்பவருக்கும் தேவை ஆற்றுப்படுத்தலும் சிகிச்சையும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரணம் தெரிந்தால் ஒரு ஊட்டமருந்து எவ்வளவு அழகாக வேலை செய்யும் என்பதற்கு இரும்புச்சத்தே நல்ல எடுத்துக்காட்டு. நித்திரைக்கான போத்தல்களின் முகப்பில் அதன் பெயரைக் காண்பது அரிது. பின்னேரமானதும், படுத்ததும், கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்ற உளைவு. ஆட்டினால், எழும்பி நடந்தால் குறையும். மறுபடி படுத்தால் வரும். கால் உளைவு என்று தைலம் பூசிவிட்டுப் பல பெண்கள் சகித்துக்கொள்ளும் இது, பலவேளை அமைதியற்ற கால் நோயாக இருக்கும். மூளைக்குப் போதிய இரும்பு கிடைக்காமை அதன் முக்கிய காரணங்களில் ஒன்று. அதிக மாதப்போக்கு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளர்கள் ஆகியோரில் இது கூடுதலாகக் காணப்படும். ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை லீற்றருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழ் காட்டினால் இரும்புச்சத்துக் குளிசையை முயன்று பார்க்கலாம் என்பது இத்துறை நிபுணர்களின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல். சாதாரண இரும்புக் குளிசை மலிவானது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் அதன் பயனைக் கெடுக்கும். தேயிலையிலுள்ள டனின் இரும்பு உடலில் சேர்வதைத் தடுப்பதால், தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும். இவ்வளவு சொன்னாலும், பரிசோதனை இல்லாமல் இரும்பைத் தொடங்கக் கூடாது. தலசீமியா மரபணு உள்ளவர்களுக்கும் இரும்புக் குறைவால் வரும் இரத்தச்சோகை போலவே தோன்றும். அவர்களில் சிலருக்கு இரும்பு ஏற்கனவே மிகுதியாக இருக்கும். ஆண்களிலும், மாதவிடாய் நின்ற பெண்களிலும் இரும்பு குறைந்தால் வயிற்றில், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். குளிசை அந்தத் தேடலை மறைத்துவிடக் கூடாது.

இனி எல்லோரும் கேட்கும் மெலட்டோனினுக்கு வருவோம். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லேர்னர் குழுவினர் பிரித்தெடுத்த இந்த ஹோர்மோனை நம் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இருள் சூழ்ந்ததும் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிப்பதே அதன் வேலை. ஆளை மயக்கிப் படுக்க வைப்பதல்ல. இதை விளங்கிக்கொண்டால் அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தெளிவாகும். 19 ஆய்வுகளையும் 1,683 பேரையும் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, மெலட்டோனின் எடுத்தவர்கள் வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட ஏழு நிமிடம் முன்னதாக நித்திரையானார்கள். மொத்த நித்திரை எட்டு நிமிடம் கூடியது. படுக்கையில் இரண்டு மணி நேரம் விழித்துக் கிடக்கிறவருக்கு இது பெரிய ஆறுதலல்ல. நாட்பட்ட நித்திரையின்மைக்கு மெலட்டோனின், வலேரியன், டிரிப்டோஃபன் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2017இல் ஆலோசனை சொன்னதும் இப்படியான சான்றுகளைப் பார்த்துத்தான்.

ஆனால் உடலின் நேரக்கணக்கே இடம் மாறிப்போனவர்களுக்கு நிலைமை வேறு. கோடைகாலத்தில் ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இறங்கிய உறவினர் நள்ளிரவில் விழித்திருந்து நண்பகலில் குறட்டை விடுவது அதனால்தான். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர வலயங்களைக் கடந்து பறப்பவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில் எடுக்கும் மெலட்டோனின் நன்கு உதவுகிறது என்பதைக் கொக்ரேன் நிறுவனம் தொகுத்த பத்து ஆய்வுகளில் பெரும்பாலானவை காட்டின. அரை மில்லிகிராமும் ஐந்து மில்லிகிராமும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. கூடுதலாகப் போட்டால் கூடுதலாக வேலை செய்யும் என்ற நமது எண்ணம் இங்கே பலிக்காது. தவறான நேரத்தில் எடுத்தாலோ நிலைமை இன்னும் குழம்பும். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்யும் கொழும்பு அலுவலகங்களின் பிள்ளைகளுக்கும் பகல் நித்திரை இருபத்திநான்கு நிமிடம் வரை கூடலாம் என்று இன்னொரு தொகுப்பாய்வு சொல்கிறது. சான்று வலுவானதல்ல, ஆனாலும் காரணத்தோடு பொருந்திய பயன் அது.

மெலட்டோனின் பலன் தரும் இடத்திலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: போத்தலில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா? கனடாவின் குவெல்ப் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள அந்த ஊரின் கடைகளில் 31 மெலட்டோனின் தயாரிப்புகளை வாங்கிப் பரிசோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றில் லேபிளில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவு. இன்னொன்றில் 478 சதவீதம் கூடுதல். எட்டில் செரட்டோனின் என்ற, எழுதப்படாத வேறொரு பொருள் இருந்தது. மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களுக்கு அது விளையாட்டான விடயமல்ல. நம் வீடுகளுக்கு சூட்கேசில் வருவது அதே கனடாக் கடைகளிலிருந்துதான் என்பதால் இந்த ஆய்வு நமக்கு மிகவும் நெருக்கமானது. 2023இல் அமெரிக்காவில் 25 மெலட்டோனின் கம்மிகளைப் பரிசோதித்தபோது 22இன் லேபிள் பிழையாக இருந்தது. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. இனிப்பைப் போலச் சுவைக்கும் இந்தக் கம்மிகள் பிள்ளைகளின் கையில் அகப்படுவது தனி ஆபத்து. பிள்ளைகள் மெலட்டோனினை விழுங்கியதாக அமெரிக்க நஞ்சுத் தகவல் நிலையங்களுக்குப் போன முறையீடுகள் 2012இல் 8,337, 2021இல் 52,563. சாதாரணதர, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு நித்திரை குறைகிறது என்று பெற்றோரே இதைக் கொடுக்கத் தொடங்குவது பெரிய தவறு. ரியூசன் முடிந்து இரவு ஒன்பதுக்கு வந்து, பன்னிரண்டு வரை போன் வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தன் உடலே சுரக்கும் மெலட்டோனினை அந்த வெளிச்சம் அடக்கிக்கொண்டிருக்கும். பிரித்தானியாவில் மெலட்டோனினை வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமல் வாங்க முடியாது. அவுஸ்திரேலியாவில் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும், அதுவும் மருந்தாளர் கையால், 2021இலிருந்து கொடுக்கிறார்கள். அந்த அரசுகள் காரணமில்லாமல் கட்டுப்பாடு வைக்கவில்லை.

மக்னீசியத்தைப் பற்றிய பேச்சு சான்றைவிடப் பெரிது. முதியவர்களின் நித்திரையின்மைக்கு அது உதவுமா என்று 2021இல் தேடிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தவை மூன்றே ஆய்வுகள். மொத்தம் 151 பேர். பதினேழு நிமிடம் முன்னதாக நித்திரையானார்கள் என்பது முடிவு; ஆய்வுகளின் தரம் தாழ்வானது என்பதையும் அவர்களே எழுதினார்கள். குறைபாடு உள்ளவருக்கு அது உதவலாம் என்பதை ஏற்கிறேன். ஒமெப்பிரசோல் வகை வயிற்றுக் குளிசையை ஆண்டுக்கணக்கில் போடுகிறவர்களுக்கு மக்னீசியம் குறையக்கூடும் என்பதும் தெரிந்ததே. அவர்கள் பரிசோதித்துப் பார்க்கலாம். மற்றவர்கள் வாங்குமுன் லேபிளில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். முகப்பில் பெரிய எழுத்தில் 1,000 மில்லிகிராம் மக்னீசியம் கிளைசினேட் என்று போட்டிருந்தால் உள்ளே உண்மையான மக்னீசியம் 140 மில்லிகிராம் அளவுதான். மீதி அதனோடு சேர்ந்த கிளைசின். மக்னீசியம் ஒக்சைட்டில் அறுபது சதவீதம் மக்னீசியம் உண்டு. ஆனால் அது குறைவாகவே உடலில் சேரும், வயிற்றோட்டமும் தரும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 310 முதல் 420 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் கஜுவில் முந்நூறுக்குக் கிட்ட, பயறில் 190 அளவு, குரக்கனில் 130க்கு மேல் என்று நம் சமையலறையிலேயே அது கிடக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மக்னீசியக் குளிசை நஞ்சாகலாம். நீரிழிவு இவ்வளவு பரவியுள்ள ஊரில், தன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமலே அதை விழுங்குகிறவர்கள் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. தைரொக்சின் குளிசை எடுப்பவர்களும் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விட வேண்டும்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும்: ஹோர்மோனும் உப்பும் வேண்டாம், நம் முன்னோர் பாவித்த இயற்கை மருந்து இருக்கிறதே என்று. அஸ்வகந்தா என்று ஆங்கிலப் போத்தலில் வருவது நம் அமுக்கராதான். ஐந்து ஆய்வுகளில் நானூறு பேரைப் பார்த்த தொகுப்பாய்வு, நித்திரையில் சிறிய முன்னேற்றம் இருப்பதைக் காட்டியிருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சித்த வைத்தியர் நாடி பார்த்து, நோயாளியின் வயதும் உடலும் கேட்டு, பாலில் கலந்து இத்தனை நாள் என்று அளந்து கொடுக்கும் அமுக்கராச் சூரணம் ஒன்று. அதன் சாரத்தைப் பலமடங்கு செறிவாக்கி, எவரையும் பார்க்காமல் எவருக்கும் விற்கும் கப்சூல் வேறு. ஐஸ்லாந்து, அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் இந்தத் தயாரிப்புகளை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஏற்கனவே கல்லீரல் நோய் உள்ளவர்களில் மரணமும் நேர்ந்திருக்கிறது. டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவைத் தடை செய்தது. கர்ப்பிணிகளும் தைரொயிட் நோயாளர்களும் கல்லீரல் நோயாளர்களும் அதைத் தொடக் கூடாது. முன்னோரின் மருந்தை மதிப்பதென்றால் அவர்கள் வைத்த அளவையும் பத்தியத்தையும் சேர்த்தே மதிக்க வேண்டும். பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய் போடுவதால் குற்றமில்லை. ஐந்து கிராம் அளவுக்குப் போனாலே அது நெஞ்சுப் படபடப்பும் மனக்குழப்பமும் தரும் நஞ்சு.

"உதவாவிட்டாலும் கெடுதல் செய்யாதுதானே" என்று கேட்பவர்கள் 1989ஐ அறிந்திருக்க வேண்டும். நித்திரைக்கென்று அமெரிக்கக் கடைகளில் தாராளமாக விற்ற எல்-டிரிப்டோஃபன், பாலிலும் முட்டையிலும் இருக்கும் சாதாரண அமினோ அமிலம். அதை எடுத்தவர்களில் பலருக்கு அந்த ஆண்டின் ஒக்டோபரிலிருந்து தாங்க முடியாத தசைநோவும், இரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்களின் பெருக்கமும் கண்டறியப்பட்டன. 1,500க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 37 பேராவது இறந்தார்கள். தேடிப் போனபோது நோயாளர்கள் பாவித்தவை ஜப்பானின் ஷோவா டென்கோ என்ற ஒரே உற்பத்தியாளரிடம் போய்ச் சேர்ந்தன. தயாரிப்பில் கலந்த அசுத்தத்தின்மேல்தான் சந்தேகம் விழுந்தது. பொருள் இயற்கையானதுதான். அதைச் செய்த விதமும், செய்ததைச் சரிபார்க்க ஆளில்லாமையும் ஆட்களைக் கொன்றதாகவே தெரிகிறது. இன்றைக்கும் சிறு கெடுதல்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. நித்திரைக் கலவைகள் பலவற்றில் சேர்க்கும் விற்றமின் பி6, கூடுதல் அளவில் மாதக்கணக்காக எடுத்தால் கைகால் நரம்புகளைப் பாதித்து விறைப்பு உண்டாக்கும். நீரிழிவுக்காரர் அதைச் சீனியால் வந்தது என்றே நினைத்திருப்பார். தடிமனுக்கு வாங்கி வைத்த பிரிட்டோன் குளிசையை நித்திரைக்கு என்று முதியவர்கள் இரவுதோறும் போடுவதும் இதில் சேர்த்தி: சில நாளில் மயக்கம் பழகிவிடும், சலம் அடைப்பும் மறதியும் விழுகையும் மிஞ்சும்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. வைத்தியர் எழுதும் நித்திரைக் குளிசைகள் பழக்கத்துக்கு அடிமையாக்கும், முதியவர்களை விழுத்தும். அவற்றைவிட இந்தப் போத்தல்கள் எவ்வளவோ மேல் அல்லவா? டயசபாம் குடும்பத்துக் குளிசைகளைப் பற்றிய அந்த அச்சம் சரியானது. அவற்றைச் சில வாரங்களுக்கு மேல் நீட்டக் கூடாது. ஆனால் வலிமையான மருந்து ஆபத்தானது என்பதால் வலுவற்ற மருந்து பயனுள்ளதாகிவிடாது. இரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற்சிகிச்சை மருந்தல்ல, நடத்தை சார்ந்த சிகிச்சையே என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இலும் ஐரோப்பிய நித்திரை ஆய்வாளர்கள் 2017இலும் சொல்லிவிட்டார்கள். "எனக்கு இந்தக் குளிசை வேலை செய்கிறதே" என்பவரையும் நான் நம்புகிறேன். வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் நித்திரை கூடுவதைப் பல ஆய்வுகளில் காண்கிறோம். ஒன்றைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி நித்திரைக்கு நல்லது. ஆபத்தில்லாத பொருளாக, கைக்கு எட்டும் விலையாக இருந்தால் அந்த நிம்மதியைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதிப் போத்தலின் விலை ஒரு குடும்பத்தின் பால்மாச் செலவோடு போட்டிபோடுகிறது. ஏழு நிமிடத்துக்கு அந்த விலை அதிகம்.

டொக்டரைச் சனல் பண்ணினால் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது, நடத்தைச் சிகிச்சைக்கு எங்கே போவது என்ற குறை உண்மையானது. அரசும் வைத்தியசாலைகளும் இதற்குத் தமிழ் பேசும் உளவளத்துணையாளர்களை அமர்த்த வேண்டும். அதுவரை அந்தச் சிகிச்சையின் மையமான சில பழக்கங்களை வீட்டிலேயே தொடங்கலாம். எந்த நேரத்துக்குப் படுத்தாலும், ஞாயிறானாலும், ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும். நித்திரை வராமல் இருபது நிமிடம் போல் கடந்துவிட்டால் கட்டிலை விட்டு எழும்பி, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக இருந்து, கண் சொருகும்போது திரும்பிப் போக வேண்டும். கட்டில் விழித்துக் கிடக்கும் இடமாகப் பழகிவிடக் கூடாது. ஐந்தரை மணி நேரமே நித்திரை வருகிறவர் ஒன்பது மணி நேரம் படுத்துக் கிடக்காமல், கட்டிலில் இருக்கும் நேரத்தை ஆறு மணி நேரமளவுக்குச் சுருக்கி, நித்திரை இறுகிய பிறகு மெல்ல நீட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் களைப்பாக இருக்கும். வலிப்பு நோய் உள்ளவர்களும், பெருமகிழ்ச்சியும் பெருஞ்சோர்வும் மாறிவரும் மனநோய் உள்ளவர்களும், வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களும் வைத்தியர் துணையில்லாமல் இந்தச் சுருக்கலைச் செய்யக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு போத்தலை முயன்று பார்க்க விரும்புகிறவர், ஒரே பொருள் உள்ளதை வாங்க வேண்டும். எட்டுப் பொருள்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் அளவையும் சொல்லாமல் தனியுரிமைக் கலவை என்று மட்டும் போட்டிருப்பதை மேசையிலிருந்தே எடுத்துவிடலாம். அதில் எது உதவியது, எது கெடுத்தது என்று வைத்தியராலும் சொல்ல முடியாது. யூ.எஸ்.பி போன்ற சுயாதீன அமைப்பின் பரிசோதனை முத்திரை இருந்தால் நல்லது. கனடாத் தயாரிப்பில் என்.பி.என் எனும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, படுத்த நேரத்தையும் எழும்பிய நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவந்து, நான்கு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், மனநோய் மருந்தும் வலிப்பு மருந்தும் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டவர்கள் ஆகியோர் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும், அம்மாவுக்கு என்ன போத்தல் கொண்டுவருவது என்று கேட்குமுன், அம்மா என்னென்ன குளிசை போடுகிறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிக்கில் "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் நம்மவர்கள் இந்தப் போத்தல்களைச் சொல்வதில்லை, அவை மருந்தென்றே அவர்கள் நினைப்பதில்லை. அடுத்த கிளினிக் நாளில் வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் சூரணங்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரின் மேசையில் வையுங்கள்.